சும்மா கிடைப்பதை 30 ரூபாய்க்கு விற்ற கதை

“இன்னா தம்பி, சும்மா கெடைக்கறத துட்டுக்கு விக்கிறியாமே?”

பக்கத்துத் தையல் கடை பாய் இதைக் கேட்டபோது அவர் கையில் டீ கிளாஸும் முகத்தில் சிரிப்பும் இருந்தன. ஆனாலும் குத்தியது. முந்தின நாள் என்னிடம் உபுண்டு (விண்டோஸ் மாதிரி கணினியை ஓட்டும் லினக்ஸில் ஒரு வகை) சிடி வாங்கிப்போன கல்லூரிப் பையன், அது நெட்டில் இலவசமாகவே கிடைக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறான். என்னிடமே வந்து கேட்கக் கூச்சம். பாயிடம் புலம்பிவிட்டுக் காட்பாடி பஸ் ஏறிவிட்டான். விஷயம் 30 ரூபாய்.

“பாய், துணி கஸ்டமர் கொண்டாரது. நூலும் உழைப்பும்தான் உங்களுது. நீங்க கூலி வாங்கறது இல்லையா?”

ஒரு வாய் டீ குடித்துவிட்டு, “அப்போ நீயும் டெய்லர்தான்னு சொல்ற” என்றார். கடையை மூடும் வரை அவருக்கு நான் ‘லினக்ஸ் டெய்லர்’தான்.

2005இல் வேலூர் காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், நான்கு சிஸ்டம் போட்டு ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜுகள், வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள், வாடகைக்கு ஸ்டவ்வும் பாத்திரமும் கொடுக்கிற கடைகள், அடிக்கு ஒரு மருந்துக் கடை. ஊருக்கு மெயில் அனுப்பவும் பணம் வந்ததா என்று பார்க்கவும் நோயாளிகளின் கூட இருப்பவர்கள் வருவார்கள். கடை வாடகை அதில் ஓடிவிடும். லினக்ஸ் சிடி விற்பது என் சொந்தப் பைத்தியம். படிக்கிற காலத்தில் பிசி குவெஸ்ட் பத்திரிகையோடு வந்த சிடியில் தொற்றிக்கொண்டது, விடவில்லை.

நெட்டில் சும்மா கிடைப்பதை ஏன் ஒருவர் காசு கொடுத்து வாங்க வேண்டும்? இன்றைக்கு இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அன்றைக்கு இருந்தது. பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் அப்போதுதான் வந்திருந்தது. வேகம் 256 கேபிபிஎஸ். என் பிளானில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை. மற்ற நேரத்தில் ஒவ்வொரு எம்பிக்கும் மீட்டர் ஓடும். ஒரு சிடி 700 எம்பி. லைன் கொஞ்சமும் தடுமாறாமல் முழு வேகத்தில் ஓடினாலே ஆறேகால் மணி நேரம் ஆகும். கையில் இருப்பதோ ஆறு மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் கோட்டை விட்டுவிடுவோம் (வேலூர்க்காரன் இந்த வார்த்தையைச் சும்மா சொல்லமாட்டான்). ஆக ஒரு சிடிக்கு இரண்டு ராத்திரி. 1:55க்கு அலாரம் வைத்து எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி டபிள்யூகெட் என்ற இறக்கும் கருவியை ஓடவிட்டு, மோடத்தின் பச்சை விளக்கு துடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுப்பேன். 

இறங்கியதும் வேலை முடியாது. எம்டி5 எண் சரிபார்க்க வேண்டும். 32 எழுத்து, ஒன்று மாறினாலும் எங்கோ ஒரு துண்டு கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ரைட் பண்ணுவது. ரைட்டரின் முகப்பில் 52எக்ஸ் என்று பெருமையாகப் போட்டிருக்கும். அந்த வேகத்தில் எழுதிய சிடி என் சிஸ்டத்தில் ஓடும், வாங்கிப்போனவர் வீட்டுப் பழைய டிரைவில் பாதி இன்ஸ்டாலில் நின்றுவிடும். அதனால் 8எக்ஸில் வைத்துப் பொறுமையாக எழுதுவேன். நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் காலி. எங்கள் பாட்டி அப்படிக் கெட்டுப்போன சிடிக்களையெல்லாம் நூலில் கோத்து, மொட்டை மாடியில் வடாம் காயும் இடத்தில் தொங்கவிட்டிருந்தாள். வேலூர் வெயிலில் அவை சுழன்று பளிச்சிடும்போது காக்கா கிட்டே வராது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் சிடி வரிசை ஒன்றே பத்துக்கும் மேல் இருக்கும் என்பதால் அந்த வருடம் வடாம் மிகப் பத்திரமாக இருந்தது.

வெற்று டிஸ்க், உறை, லேபிள், கரண்ட், இரண்டு ராத்திரித் தூக்கம். இதற்கு 30 ரூபாய். இதே சந்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் விண்டோஸ் எக்ஸ்பி திருட்டுச் சிடி 60 ரூபாய்க்குக் கிடைத்தது. அதை வாங்குகிறவர் ஒருவரும் “இது சும்மா வந்ததுதானே” என்று கேட்டதில்லை. எனக்கு இன்றுவரை ஆறாத வயிற்றெரிச்சல் இது.

ஆங்கிலத்தில் இந்த இடத்தில் ஒரு சொற்குழப்பம் உண்டு. ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல்லுக்கு விலையில்லாதது என்றும் பொருள், விடுதலை உள்ளது என்றும் பொருள். மென்பொருள் விடுதலைக்கு இயக்கம் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் காலமெல்லாம் அதை விளக்கிக்கொண்டே இருக்கிறார். நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. தமிழ்க் கணினிக்காரர்கள் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் கடைக்கு வந்த யார் வாயிலும் அந்தச் சொல் நுழையவில்லை. “அந்த ஃப்ரீ சிடி எவ்ளோண்ணா?” என்றுதான் கேட்டார்கள். ஃப்ரீ சிடி எவ்வளவு! நான் என்னத்தைச் சொல்ல.

ஸ்டால்மனே விற்றிருக்கிறார் என்பதுதான் எனக்குத் தெம்பு. க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை 1983இல் அறிவித்துவிட்டு, வேலையையும் விட்டுவிட்டு, எழுதவும் திருத்தவும் உதவும் ஈமாக்ஸ் நிரலை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நெட் வசதி உள்ளவர்கள் சும்மா இறக்கிக்கொள்ளலாம், இல்லாதவர்கள் காசு கொடுத்து டேப் வாங்கிக்கொள்ளலாம். என் கடையும் அதேதான், டேப்புக்குப் பதில் சிடி. லினக்ஸின் கதை இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் முதலில் எழுதிய உரிமத்தில் காசு வாங்கவே கூடாது, கையாளும் செலவுக்குக்கூட வாங்கக் கூடாது என்று போட்டிருந்தார். அந்த விதி நிலைத்திருந்தால் என் 30 ரூபாய் குற்றம். 1992இல் அவர் ஜிபிஎல்லுக்கு, அதாவது காப்பி எடுக்கவும் மாற்றவும் விற்கவும் விடுகிற ஸ்டால்மனின் உரிமத்துக்கு, மாறினார். அது வந்ததும் ஃப்ளாப்பியும் சிடியும் போட்டு விற்க ஆளாளுக்கு வழி பிறந்தது. சும்மா கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லியிருந்தால், சுமந்து கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இருந்திருக்காது என்பது என் கட்சி.

சரி, என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். அப்போது உபுண்டுக்காரர்கள் ‘ஷிப்இட்’ என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். முகவரி கொடுத்தால் போதும், அச்சிட்ட உறையில் அழகான சிடிக்கள் வீட்டுக்கே வரும். தபால் செலவுகூட அவர்களுடையது. 2011 வரை அது நடந்தது. எனக்கும் ஒரு கட்டு வந்தது. கேட்கிற பையன்களுக்குச் சும்மா கொடுக்க வேண்டும் என்றுதான் வரவழைத்தேன். ஒருநாள் மாலை, கையில் வேறு சரக்கு இல்லாத நேரம், அவசரமாக வந்த ஒருவரிடம் அதில் ஒன்றை 20 ரூபாய்க்குக் கொடுத்தேன். உரிமத்தில் அது தப்பே இல்லை. ஆனால் அந்த 20 ரூபாயில் என் ராத்திரி இல்லை, என் டிஸ்க் இல்லை. கல்லாவில் போடும்போது கை கொஞ்சம் கூசியது. அதற்குப் பிறகு அந்த உறைச் சிடிக்களைக் கல்லாவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு டப்பாவில் போட்டு, ‘எடுத்துக்கொள்ளலாம்’ என்று எழுதி வைத்தேன். அவ்வளவு சீக்கிரம் தீரவில்லை. சும்மா எடுத்துக்கொள் என்றால் நம் ஆட்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

ஒரு காவலருக்கும் அப்படிச் சந்தேகம் வந்தது. திருட்டு விசிடி விற்கிறவர்கள் மேல் குண்டர் சட்டம் பாயும்படி 2004இல்தான் திருத்தம் வந்திருந்தது. சிடி அடுக்கு இருக்கிற எந்தக் கடையையும் ஒரு மாதிரியாகப் பார்க்கிற காலம். என் அடுக்கில் மார்க்கரால் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, “இன்னா படம் இது?” என்றார்.

“படம் இல்ல சார். லினக்ஸ்.”

“இங்கிலீஷ் படமா?”

ஒன்றைப் போட்டுக் காட்டினேன். க்னாப்பிக்ஸ், இன்ஸ்டால் செய்யாமலே சிடியிலிருந்து ஓடும். கறுப்புத் திரையில் பென்குயின் வந்தது, வெள்ளை வரிகள் சரசரவென்று ஓடின. அவர் முழுசாக இரண்டு நிமிடம் நின்று பார்த்தார். “காப்பி போட்டு விக்கலாம்னு பர்மிஷன் இருக்குதா?” இருக்கிறது என்று ஜிபிஎல்லைத் திறந்து காட்டினேன். அதில் ஒரு வரியைக்கூட அவர் படிக்கவில்லை. ஆனால் அது முடிவில்லாமல் நீண்டுகொண்டே போனதைப் பார்த்துத் திருப்தியாகிவிட்டார். இவ்வளவு நீளத்துக்கு அனுமதி எழுதியிருந்தால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

உண்மையில் அனுமதி எல்லாவற்றுக்கும் இல்லை. நிரலைக் காப்பி எடுக்கலாம், பெயரைக் காப்பி எடுக்க முடியாது. பெயர் வணிகச் சின்னம். ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் நிரலை அப்படியே சிடியில் போட்டு விற்ற ஒரு அமெரிக்க மலிவுச் சிடி வியாபாரி, பெயர் பிரச்சினை வந்ததும் ‘பிங்க் டை’ என்று பெயர் மாற்றி விற்றார். சிவப்புத் தொப்பி போய் இளஞ்சிவப்பு டை! சென்ட் ஓஎஸ்காரர்கள் இன்னும் பவ்வியம். ரெட் ஹேட் நிரலிலிருந்துதான் கட்டினார்கள், ஆனால் அந்தப் பெயரை எடுக்காமல் ‘வட அமெரிக்காவின் பிரபலமான ஒரு நிறுவனம்’ என்றே அப்போது எழுதிவந்தார்கள். எங்கள் பாட்டி தாத்தாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாளே தவிர, அவள் வாயால் பெயர் வராது.

சிடி விற்று யாரும் பணக்காரன் ஆகவில்லை, ரெட் ஹேட் உட்பட. அவர்கள் காசு பார்த்தது பராமரிப்புச் சந்தாவில். 2019இல் ஐபிஎம் அந்த நிறுவனத்தை 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. என் அளவில் நான் கண்டதும் அதே. சிடிக்கு 30 ரூபாய் கேட்டால் மூக்கைச் சுளிப்பவர், வீட்டுக்கு வந்து ‘ஓஎஸ் போட்டுக் கொடு’ என்று 150 ரூபாய் மறுபேச்சில்லாமல் கொடுப்பார். சிடி கொண்டுபோகிறவர் பாதிப்பேர் அடுத்த நாளே திரும்பி வந்தார்கள். முதல் புகார் எப்போதும் ஒன்றுதான்: “பாட்டு பாடலண்ணா.” எம்பி3க்குக் காப்புரிமை இருந்ததால் உபுண்டு அதை இயக்கும் துண்டைச் சிடியில் வைக்காது, நெட்டில் இறக்கிக்கொள் என்று சொல்லும். நெட் இருந்தால் அவர் ஏன் என் கடைக்கு வருகிறார்? தேவையான பொட்டலங்களைத் திரட்டி இன்னொரு சிடி போட்டேன். பிறகு லினக்ஸ் மின்ட் வந்தது. அது பாட்டோடு வந்ததால் என் கடையில் உபுண்டுவை ஓரங்கட்டிவிட்டது. இரண்டாவது புகார் மோடம். யுஎஸ்பி கேபிளில் போட்டிருப்பார்கள், லினக்ஸ் கண்டுகொள்ளாது. அதே மோடத்தின் பின்னால் லேன் கேபிள் செருகும் துளையும் இருக்கும். அதில் செருகினால் வேலை முடிந்தது. சிடியோடு இரண்டு மீட்டர் லேன் கேபிளும் விற்கத் தொடங்கினேன். லாபம் கேபிளில்தான்.

ஒருமுறை மோசமாகச் சறுக்கினேன். ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற சின்ன யூனிட் ஒன்றின் கணக்கர், வைரஸ் தொல்லை தாங்காமல் தன் சிஸ்டத்தையே ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். சி டிரைவில் விண்டோஸ், டி டிரைவில் டேலி கணக்கும் குடும்பப் போட்டோக்களும். சி-யை மட்டும் அழித்து லினக்ஸ் போட வேண்டும். அவரோடு ஆம்பூர் பிரியாணியைப் பற்றிப் பேசிக்கொண்டே, முழு டிஸ்க்கையும் அழிக்கும் தேர்வை அழுத்திவிட்டேன். கோடு கொஞ்சம் நகர்ந்த பிறகுதான் உறைத்தது. பவர் கேபிளைப் பிடுங்கினேன். அந்தச் சத்தமில்லாத அரை நிமிடம் இப்போதும் நினைவிருக்கிறது. அவர், “ஏன் தம்பி, கரண்ட் போச்சா?” என்றார்.

போனது என்ன என்று சொன்னேன். அவர் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. க்னாப்பிக்ஸ் போட்டு டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவியை ஓடவிட்டேன்; அதுவும் கட்டற்ற மென்பொருள்தான். விடிகிற நேரத்தில் டேலி ஃபோல்டர் கிடைத்தது. போட்டோக்கள் தனியாக, பெயரில்லாமல், எண்களாக வந்தன. அவர் மகளின் காதுகுத்துப் படங்களில் சில மேல்பாதி மட்டும் வந்தன. மாமன் மடி வரைக்கும் சாம்பல் நிறம் ஏறி, மேலே குழந்தையின் அழுகிற முகம். காசு வாங்கவில்லை. அவரும் திரும்ப வரவில்லை. ஜிபிஎல்லின் கடைசிப் பகுதியில் பெரிய எழுத்தில் ‘எந்த உத்தரவாதமும் இல்லை’ என்று இருக்கும். அது நிரலை எழுதியவனுக்குப் பொருந்தும். சிடியைச் செருகி, பட்டனைத் தட்டியவனுக்குப் பொருந்தாது. 

இனி மூல நிரல், அதாவது மென்பொருளை எழுதிய வரிகள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். ஜிபிஎல் அதைத் திருப்பிப் போடுகிறது. மாட்டைக் கொடுப்பவன் வாயைத் திறந்து பல்லையும் காட்ட வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம். இரண்டாம் பதிப்பு ஜிபிஎல்லின்படி, காசு வாங்காமல் கொடுப்பவன், மூல நிரல் தருவதாகத் தனக்கு வந்த வாக்குறுதியை அப்படியே கைமாற்றிவிட்டுப் போகலாம். காசுக்கு விற்கிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. மூல நிரலைக் கூடவே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் குறைந்தது 3 ஆண்டுகளுக்கு, யார் கேட்டாலும், எடுத்துக்கொடுக்கும் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு தருவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 30 ரூபாய் வியாபாரிக்கும் இதே விதிதான்.

படித்தபோது வியர்த்தது. ஆனால் பிடித்தும் இருந்தது. 2006இல் சிடி உறைக்குப் பின்னால் தமிழிலேயே அச்சிட முடிவு செய்து, டிடிபி கடையில் கையால் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த அம்மா ‘நிரல்’ என்று ஒரு சொல் இருக்கவே முடியாது என்று முடிவுகட்டி, என் மேல் இரக்கப்பட்டுத் திருத்திவிட்டார். ‘மூல நிழல் வேண்டுவோர் வாங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் கீழ்க்கண்ட முகவரியில் கேட்டுப் பெறலாம்.’ ஐந்நூறு உறை அடித்து வந்த பிறகுதான் பார்த்தேன். பாய் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “மூலத்துக்கு மருந்து எப்போலேர்ந்து விக்கிற?” என்றார். ஆஸ்பத்திரிப் பக்கம் கடை வைத்தால் இதெல்லாம் கேட்க வேண்டும். மறுபடி அடிக்கக் காசில்லை. அதே உறைதான் ஓடியது.

இரண்டு வருடம் யாரும் கேட்கவில்லை. 2008இல், ஒரு மத்தியானம் கரண்ட் இல்லாத நேரம், குடியாத்தத்திலிருந்து ஒரு பாலிடெக்னிக் பையன் வந்தான். மடித்து மடித்து நைந்துபோன என் உறையை நீட்டினான்.

“அண்ணா, மூல நிழல் இருக்குங்களா?”

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவன் சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தான். அவன் கையிலிருந்தது உபுண்டு 6.06. கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, மட்டும் போதும் என்றான். கரண்ட் வரும் வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். அதற்குள் பிராட்பேண்ட் வேகம் 2 எம்பிபிஎஸ் ஆகியிருந்ததால் கெர்னலின் மூல நிரல் சீக்கிரமே இறங்கிவிட்டது. டிஸ்க் செலவு 12 ரூபாய் சொன்னேன். எண்ணிக் கொடுத்தான்.

போவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்க்கிறேன் என்றான். நிரல் கோப்புகளுக்குள் போகாமல், வெளியே இருந்த ‘கிரெடிட்ஸ்’ கோப்பைத் திறந்தான். கெர்னலில் வேலை செய்தவர்களின் பட்டியல் அது. பெயர், மின்னஞ்சல், செய்த வேலை, பலருக்கு வீட்டு முகவரியும் இருக்கும். தெருப் பெயர், கதவு எண், அஞ்சல் குறியீடு எல்லாம். மவுஸை உருட்டிக்கொண்டே போனான்.

“அட்ரஸ்லாம் போட்டிருக்காங்கண்ணா. நேர்ல போய்க் கேக்கலாமா?”

“கேக்கலாம். பஸ் கிடைக்காது.”

“இத நான் காப்பி போட்டு வித்தா தப்பா?”

“தப்பில்ல. உறைக்குப் பின்னால போட்டிருக்கிற மாதிரி, யார் கேட்டாலும் நிரலைக் கொடுக்கணும். அதான் கண்டிஷன்.”

தலையாட்டிவிட்டுப் போனான்.

அடுத்த வருடம் ஒரு கல்யாணத்துக்காகக் குடியாத்தம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை. கண்ணாடிப் பெட்டியில் மெமரி கார்டுகளுக்கு நடுவே நாலைந்து லினக்ஸ் சிடிக்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எடுத்துப் பார்த்தேன். விலை 40 ரூபாய், என்னைவிட 10 ரூபாய் அதிகம். கல்லாவில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். உறையைத் திருப்பினேன். ஜெராக்ஸ் போட்டதில் எழுத்து கொஞ்சம் தடித்திருந்தது, மற்றபடி எதுவும் மாறவில்லை. ‘மூல நிழல் வேண்டுவோர்’ என்று தொடங்கி, காந்தி ரோட்டுப் பின்சந்தில் என் கடைக் கதவு எண் வரை.

40 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கிக்கொண்டேன்.